எழுந்திருக்காத ஸங்யோரா

பிப்ரவரி 4

காலையில் சட்டைக் காலருக்குள்ளிருந்து வறுத்த சோயா ஒன்று விழுந்தது. நேற்று குளிர் முடிகிற நாள் பண்டிகை. வழக்கம்போல அரக்கன் முகமூடி எனக்கு, "அரக்கனே, வெளியே போ!" என்று சோயாவை வீசும் உரிமை என் மனைவி சிசூருவுக்கு. ஒன்றுகூடக் குறி தப்பவில்லை. இத்தனை நாள் எங்கே பழகினாள்?

அலுவலகத்தில் இன்று ஒரு பிராணிக்குப் பெயர் வைத்தேன். ஐம்பத்து நான்கு வயதில் இதுதான் பிழைப்பு: பிள்ளைகள் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடும் வீடியோ விளையாட்டுப் பூதங்களுக்குப் பெயர் சூட்டுவது. வெளியில் கேட்டால் சிசூரு "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று மழுப்பிவிடுவாள்.

பெயருக்குள் ஒரு குறும்பை ஒளிக்க வேண்டும். பிள்ளையின் காதுக்கு இனிக்கணும், பக்கத்திலிருக்கும் அப்பனைச் சுருக்கென்று குத்தணும். தனுகி என்பது தொப்பை வைத்த காட்டுப் பிராணி. தெனுகி என்றால் வேலையை ஒப்பேற்றுவது. இரண்டையும் குழைத்துப் போன வருடம் 'தெனுகின்' செய்தேன். மூன்று அடி விடுவேன் என்று சவடால் அடித்து, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். ஒசாகா முழுக்க அப்பன்மார்கள் அதை மட்டும் வெறுத்தார்கள்.

இன்றையது 'ஸங்யோரா'. ஸங்யோ என்றால் வேலை நேரம் முடிந்த பிறகும் வேலை. கடைசியில் ஒரு 'ரா' ஒட்டினால் எங்கள் நாட்டில் கொசுகூடப் பூதமாகிவிடும்.

மூலம், எங்கள் துறைத் தலைவர் நாகசே. ஆறு மணி ஆனாலும் எழ மாட்டார். அவர் எழாமல் நாங்கள் எழ முடியாது. சட்டம் ஏதுமில்லை, ஆனால் சட்டத்தை மீறினாலும் மீறலாம், இதை மீற முடியாது. ஆகவே ஸங்யோரா ஒரு கல் ஆமை. நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. யோசிக்கும்போது பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுக்கும். அதன் சக்தி: அது உட்கார்ந்திருக்கும் வரை எதிரில் இருப்பவர் களத்தைவிட்டுப் போக முடியாது.

படம் போடும் ஹொனாமி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தலைவர் பக்கம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 5

தலைவர் எழவில்லை. பசி.

பிப்ரவரி 13

விபரீதம். நாகசேவுக்கு ஸங்யோராவைப் பிடித்துவிட்டது. "என்னமா உட்கார்ந்திருக்குய்யா! இதுதான் அட்டைப்படம்!" என்று மேசையைத் தட்டினார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. ஹொனாமி என்னைப் பார்க்கவில்லை, நான் ஹொனாமியைப் பார்க்கவில்லை.

ஏதோ மூலையில் நூற்றுப் பன்னிரண்டாவது பூதமாகப் பதுங்கிக் கிடக்கும் என்று நினைத்தேன். இப்போது ரயில் நிலையச் சுவரெல்லாம் அவர் முகம்!

பிப்ரவரி 21

அட்டைப்படம் வெளியானது. ரசிகர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் பெயரைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். 'ஸங்யோரா நிச்சயம் யாரோ ஒரு மேலதிகாரி. பெயர் வைத்தவர் தைரியசாலி.' கீழே ஆயிரம் பேர்: 'எங்க ஆபீஸ் ஆளேதான்!' 'இல்லை, எங்க ஆள்!'

"சார், தலைவர் இதெல்லாம் படிப்பாரா?" என்றாள் ஹொனாமி.

"அவர் பேப்பர் மட்டும்தான்மா படிப்பார்."

"பேப்பர்லயும் வந்திருக்கு சார்."

மார்ச் கடைசியில் இடமாற்றப் பட்டியல். தலைவரின் கோபத்துக்கு ஆளானவர்கள் எங்கோ கோடியில் இருக்கும் தொத்தோரிக் கிடங்குக்குப் போவார்கள், விற்காத பொம்மைகளுக்குத் துணையாக. முன்பு பெயர் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் அங்கேதான் இருக்கிறார். பொம்மைகளோடு பேசுகிறாராம். பதிலும் வருகிறதாம்.

மார்ச் 3

சோதனைக் குழுவிடமிருந்து குண்டு. இரண்டு ஸங்யோராக்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் ஆட்டம் முடிவதே இல்லை. அது இருப்பதால் இது போக முடியாது. இது இருப்பதால் அது போக முடியாது. வார இறுதி முழுக்க ஓடவிட்டார்களாம், இரண்டும் ஸ்ஸ்ஸ் ஸ்ஸ்ஸ் என்று உட்கார்ந்தே இருந்தனவாம்.

துறையே கூடிப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பூதம். ஒருவருக்காவது தப்பென்று பட்டதா? எப்படிப் படும், அன்றாடம் பார்ப்பதுதானே.

தலைவர் நாளை என்னைத் தனியே வரச் சொன்னார். தனியே!

மார்ச் 4

கதவைச் சாத்தினார்.

"யோவ் சுகிதானி, இது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

தொத்தோரிப் பொம்மைகள் கையசைத்தன.

"நெத்தியில கண்ணாடி. ஸ்ஸ்ஸ்னு இழுப்பு. நகராத உடம்பு. நீதானேய்யா இது? தன்னைத்தானே இப்படிக் கிண்டல் பண்ணிக்க ஒரு மனசு வேணும்!"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி இருந்தது.

"தினம் ஆறு மணிக்குக் கிளம்பிடலாம்னுதான் பார்ப்பேன்" என்றார். "நிமிர்ந்தா நீ மலை மாதிரி உட்கார்ந்திருப்ப. மூத்த ஆளு உழைச்சுக்கிட்டிருக்கான், தலைவன் வீட்டுக்குப் போனா நல்லாவா இருக்கும்? பேப்பர்ல குறுக்கெழுத்து போட்டுப் போட்டே காலம் போச்சு."

"இல்லைங்க... நான் வந்து... நீங்க எழுந்திருப்பீங்கன்னுதான்..."

இருவரும் ஒரே சமயத்தில் பல்லிடுக்கில் காற்றை இழுத்தோம்.

எத்தனை வருடம்! எத்தனை ஆறிப்போன சோறு!

மார்ச் 5

சிசூருவிடம் படத்தைக் காட்டி, யாரென்று தெரிகிறதா என்று கேட்டேன். கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அட, நீங்க! கொஞ்சம் அழகா போட்டிருக்காங்க."

மார்ச் 10

பிழைக்கு மருந்து நாகசே சொன்னார்: இரண்டு ஸங்யோரா சந்தித்தால், எதற்கு முதலில் பசிக்கிறதோ அது எழுந்துவிடும். கூட்டத்தில் கைதட்டல். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

மார்ச் 11

ஆறு மணி. எழுந்தேன். "முந்திக் கிளம்புறேன், மன்னிக்கணும்." இந்த வாசகத்தை முதல் ஆளாகச் சொல்லிப் பழக்கமில்லை, குரல் கீச்சிட்டது. துறை முழுக்க விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. அடுத்த நொடி நாகசே கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் தாண்டி லிஃப்டுக்கு ஓடினார். பின்னாலேயே காட்டாறு. ஹொனாமி ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 26

பட்டியல் ஒட்டினார்கள். தொத்தோரிக்கு யாரும் இல்லை.

ஏப்ரல் 2

சிசூரு சோறு போடும்போதே ஆரம்பித்தாள். "ஏங்க, கேட்கணும்னு இருந்தேன். வேலை போயிடுச்சா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் தினமும் ஏழு மணிக்கே வந்து நிக்கிறீங்க? மூணு வாரமா வீட்டுல ஹூலா டான்ஸ் ஆட முடியலை. என் தோழிங்கல்லாம் உங்களைப் பார்த்ததும் மண்டி போட்டு உட்கார்ந்துடறாங்க. நீங்க உள்ள போகாம அவங்களுக்கு எழுந்திருக்கக் கூச்சம். அவங்க இருக்கிறதால உங்களுக்கு உள்ள போகக் கூச்சம். எட்டு மணிக்கு மேல வாங்க. பழையபடி."

ஹூலாவா? எத்தனை வருடமாக? அந்த ஹவாய் ஆட்டம் முழுக்கக் கைவேலைதானே. சோயா வீச்சில் குறி தப்பாத கைக்குக் காரணம் தெரிந்தது.

ஏப்ரல் 3

ஆறு மணிக்குக் கிளம்பினேன். அலுவலகத்துக்குத் திரும்ப மானம் இடம் தரவில்லை. ஆற்றங்கரைக்குப் போனேன். செர்ரிப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. பெஞ்சில் ஒருவர் டப்பாக் காப்பியும் குறுக்கெழுத்துமாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடி நெற்றியில்.

"உன் வீட்டுலயுமா?" என்றார் நாகசே.

"ஹூலா."

"எங்க வீட்டுல கோரஸ் பாட்டு" என்றார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குப் பசித்தது. அவர் வயிறும் சத்தம் போட்டது, கேட்டது. ஆனால் அவர் தலைவர். அவர் எழாமல் நான் எப்படி?

ஸ்ஸ்ஸ்.