வெறும் மண்ணுக்கு ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுவும் சுகமாக இருப்பீர்கள், இங்கே அப்பாவும் நானும் சுகம்தான், என் இடுப்பைத் தவிர. அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று நீ கேட்டதற்கு இத்தனை நாள் பதில் போடவில்லை என்று கோபிக்காதே. உட்கார நேரம் வாய்க்கவில்லை, வாய்த்தபோது கண் செருகிவிட்டது.

முதலில் பூ விஷயம். வாலு அனுப்பிய பான்சி விதை வந்து சேர்ந்தது. பாக்கெட்டில் இங்கிலீஷில் அச்சடித்திருப்பது ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எங்கே புரியப்போகிறது? ஆனால் அதன் பின்னால் மூடிய கண் ஒன்றை வரைந்திருந்தாளே, இருட்டில் வைக்க வேண்டும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் காட்டினேன், "சந்தேகமே இல்ல, பேத்திக்கு உங்க மூளைதான்" என்றாள். நானும் மறுக்கவில்லை. வெயில் தணிந்த பிறகு பாதி விதையைத் தட்டில் தூவி, மெல்லிசாக மண் போட்டு, கறுப்புத் துணியால் மூடி வைத்தேன். முளைக்கும்வரை வெளிச்சம் ஆகாது, சூடும் ஆகாது, லேசான ஈரம் போதும், சொதசொதவென்று இருந்தால் அழுகிவிடும். உன் அப்பாவுக்குத்தான் ஊற்றியது நினைவிருப்பதில்லையே. துணியைத் தூக்குவார், "ஐயையோ, காஞ்சு கிடக்கு" என்பார், ஒரு சொம்பு ஊற்றுவார். நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இன்னொரு சொம்பு. பஸ் ஓட்டின காலத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்த்த கை, சும்மா இருக்குமா? விதை கஞ்சியாகிவிட்டது. கத்தினேன். என்னை யாரோ போலப் பார்த்து, "உட்காருங்கம்மா, வண்டி எடுக்கப்போறேன்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியாமல் தரையைத் துடைத்தேன்.

பிறகு மீதி விதையை வேறொரு தட்டில் தூவிப் பின்னறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அழுகின தட்டை முன்னறையில் அவருக்கே விட்டுவிட்டேன். அவர் வெறும் மண்ணுக்கு ஊற்ற, நான் வழிந்ததைத் துடைக்க, அப்படியே பொழுது போனது. கட்டிலடியில் முளை விட்டதும் ஜன்னலோரம் மாற்றினேன், நாலைந்து இலை வந்ததும் அவர் தூங்கும்போது தொட்டியில் நட்டேன். காற்று குளிர்ந்ததும் முதல் பூ வந்தது, மஞ்சள் முகத்தில் மையால் மீசை தீற்றின மாதிரி. அப்பா அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு யார் வளர்த்தது என்றார். நான்தான் என்றேன். "நீ எங்க வளர்த்த? தினமும் தண்ணி ஊத்தினது நானு. நீ பாவம், துடைச்சுக்கிட்டுல்ல இருந்த" என்றார். ஊற்றியதையே மறக்கிற மனுஷனுக்கு நான் துடைத்தது நினைவிருக்கிறது, பார்த்துக்கொள். அதனால் அவருக்கு இடம் பார்க்காதே, எனக்கு ஒரு ஆள் பார். சமாளிப்பேன் என்று வீம்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், முடியவில்லை. காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டி உட்கார வைத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

வாடின பூவை உடனுக்குடன் கிள்ளிவிடுகிறேன், அப்போதுதான் அடுத்தது வரும் என்று வாலுவிடம் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். ஆள் விஷயத்தை மறந்துவிடாதே. முன்னறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, துணியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா