படத்தில் இல்லாத சிறுத்தை

மார்ச் 3, திங்கள்

கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் கைப்பேசியில் அந்தப் படம். குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் கான்ட்ராக்டர் போட்டிருக்கிறார். நம் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டில் சிறுத்தையாம். அவருடைய கிடங்குக் கேமராவில் விழுந்ததாம்.

எல்லோருக்கும் பயம் வந்திருக்கிறது. எனக்கு வந்தது சந்தேகம். அந்த இடத்தை அழித்து மனை போட அவர் நாயாய் அலைகிறார். சங்கம் சம்மதிக்கவில்லை. இப்போது திடீரென்று ஒரு சிறுத்தை. அதுவும் கல்யாண ஃபோட்டோவுக்கு நிற்பதுபோல நேராகப் பார்த்துக்கொண்டு.

அந்தக் காட்டில்தான் நானும் என் மாணவிகளும் ஓணான் பிடித்து அளந்துவிட்டு வருகிறோம். காம்பவுண்டுச் சுவரில் வாழும் ஓணான்களுக்குப் புதரில் வாழ்பவற்றைவிடப் பின்கால் நீளமோ என்று ஓர் ஐயம். சுவர் கட்டி மனிதர் கணக்கில் ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. அதற்குள் உடம்பு மாறுமா? காட்டை அழித்துவிட்டால் இந்தக் கேள்வியும் போய்விடும்.

மார்ச் 4

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிறுத்தையின் காலடியில் மண் ஈரமாக இருக்கிறது. இங்கே மழை பெய்து எத்தனை மாதம் ஆகிறது? தண்ணீர்க் குழாய் கசிகிற ஒரு மூலையைத் தவிர எல்லாம் காய்ந்த மண். பின்னால், ஈரமான மலைக்காட்டில் வளரும் அகலமான பெரணி இலை வேறு. நம் காட்டில் பெரணி ஏது? எல்லாம் முள்.

பொய். சுத்தப் பொய்.

மார்ச் 6, வியாழன்

தம்பி வந்தான். அந்தக் கான்ட்ராக்டரிடம்தான் சைட் சூப்பர்வைசராக இருக்கிறான். டீ போடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றான், உட்காரவும் இல்லை. சாயங்காலம் கிடங்குக்குப் பின்னால் அவனே சிறுத்தையைப் பார்த்தானாம்.

“பொண்ணுங்களக் கூட்டிட்டு அந்தப் பக்கம் போகாதக்கா.”

படத்தைப் பற்றிக் கேட்டேன். காதைத் தடவினான். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் கை தானாகக் காதுக்குப் போய்விடும். “படத்த விடு. நான் பார்த்தேங்கறேன்ல?” என்றான்.

அவனை அனுப்பி வைத்தது யார் என்று எனக்குத் தெரியாதா? சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் அக்காவிடமே வந்து கதை விடுவானா? விடுவான் போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

சங்கக் கூட்டம். படத்தைத் திரையில் போட்டு ஈர மண்ணையும் பெரணியையும் காட்டினேன். இது வேறெங்கோ எடுத்த படம், இங்கே சிறுத்தையே கிடையாது என்றேன். செயலாளர் கை தட்டினார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், கள்ளக் கையெழுத்தைப் பிடித்ததுபோல அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

வாசலில் நின்றிருந்த தம்பியை அப்புறம்தான் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர் கேட்டார்: “படம் பொய்ங்கறது சரி. சிறுத்தையே இல்லன்னு எத வச்சுச் சொன்ன?”

இவருக்கு எப்போதும் என் தம்பி மேல் ஒரு சாய்வு.

மார்ச் 10

தம்பி ஃபோனை எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாம் ஆண்டு வகுப்பில் பயம் எப்படிப் பரிணமித்தது என்று பாடம். புதர் அசைந்தால் காற்றுதான் என்று இருந்தவர்களில் பலருக்குப் பேரப்பிள்ளை பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. காரணமே இல்லாமல் ஓடியவர்களின் வம்சம்தான் நாம் என்றேன். சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள், அப்படியானால் நாம் மனிதர்களை ஏன் மிருகங்களைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிறோம் என்று. மனிதனுக்கு மனிதன்தான் பெரிய ஆபத்து என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நாளைக்குக் காட்டுக்குப் போகிறோம். நான் போகாவிட்டால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

 இதை உடனே எழுதிவிட வேண்டும்.

நேற்று ஒரு மாணவி வலையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். எடுத்து வரலாம் என்று காலையில் தனியாகப் போனேன். தண்ணீர்க் குழாய் கசிந்து சேறாகிக் கிடக்கும் இடத்தில் எங்கள் செருப்புத் தடங்கள். வலையை மறந்தவளுடைய தடத்தின் குதிகால் மேலேயே, அதை அமுக்கிக்கொண்டு, என் உள்ளங்கையைவிட அகலமாக இன்னொரு தடம். நாயாக இருந்தால் நகம் பதிந்திருக்கும். நகம் இல்லை. குனிந்து பார்த்தேன், எங்காவது நகம் இருந்துவிடக் கூடாதா என்று. இல்லை.

நாங்கள் போன பிறகு வந்திருக்கிறதா? இல்லை, நாங்கள் குனிந்து ஓணான் அளந்துகொண்டிருந்தபோதே எங்கேயாவது படுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததா? என்னை நம்பித்தானே அந்தப் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஐயோ, நான் என்ன காரியம் பண்ணியிருக்கிறேன்.

இப்போது யோசித்தால், படத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் தம்பி காதைத் தடவினான். பார்த்தேன் என்று சொன்னபோது கை கீழேதான் இருந்தது.

மார்ச் 17

தம்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டான். தடத்தைப் பற்றிச் சொன்னேன். அப்புறம்தான் வெளியே வந்தான்.

“படம் பொய்தாங்க்கா. முதலாளி நெட்ல இருந்து எடுத்தாரு, பக்கத்துலதான் இருந்தேன். நான் வெறும் வாயால சொன்னா நீ நம்பவா போற? படத்தப் பார்த்தாவது போகாம இருப்பேன்னு சும்மா இருந்துட்டேன்.”

எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தானா? அதிலும் ஏதாவது இருக்குமோ என்று மனசு தேடுகிறது. சீ, என்ன மனசு இது.

மார்ச் 19

தடத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவில் வார்ப்பெடுத்துச் செயலாளரிடம் கொண்டுபோனேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“போன வாரம் இல்லைன்னீங்க. இந்த வாரம் இருக்குன்றீங்க. நடுவுல என்ன நடந்துச்சு மேடம்?”

மார்ச் 22, சனி

நான் கூப்பிட்டு வனத்துறை அதிகாரி வந்தார். அதற்குள் குழாயைச் சரிசெய்ய ஆட்கள் வந்து சேற்றை மிதித்துத் துவைத்துவிட்டார்கள். வெறும் வார்ப்பை வைத்து, இது இங்கே பதிந்த தடம் என்று எப்படி எழுதுவது என்றார் அதிகாரி. மாதக்கணக்காகக் கசிந்த குழாய்க்கு இன்றைக்குத்தான் ஆள் கிடைத்ததா? செயலாளர் என்னைப் பார்க்காமல் நின்றார்.

இது போதாதென்று கான்ட்ராக்டரின் கார் என் வாசலில் வந்து நின்றது. தெருவே கேட்கும்படி, “ரொம்ப நன்றி மேடம், நீங்களே சொன்னது பெரிய உதவி” என்றார். எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகி மூடியது. எனக்கு ஒரு மனை எழுதிக் கொடுக்கிறார் என்று நாளைக்குள் பேச்சு கிளம்பிவிடும்.

மார்ச் 23

கிளம்பிவிட்டது. மூலை மனையாம்.

மார்ச் 30, ஞாயிறு

மறுபடி கூட்டம். என்னைப் பேச விடவே இல்லை. “அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகம் போடறீங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தம்பி எழுந்தான். முதல் வரிசையில் முதலாளி உட்கார்ந்திருக்க, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான்: “படம் பொய். சார்தான் போட்டாரு. ஆனா சிறுத்தை இருக்கு, நான் பார்த்தேன். காட்ட அழிச்சா அது எங்க போகும்? உங்க வீட்டுப் பக்கம்தான் வரும். நாளையில இருந்து எனக்கு வேலை இருக்காது. இப்பப் பொய் சொல்றதுக்கு எனக்கு யாரு என்ன குடுக்கப் போறாங்க?”

 செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குப்பையைத் தெருவில் கொட்டுவதை நிறுத்த வேண்டும், குப்பைக்கு நாய் வருகிறது, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது என்று அதற்கப்புறம் நான் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 2

தம்பிக்கு வேலை போய்விட்டது. ஃபோனில் சொல்லிவிட்டார்களாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கான்ட்ராக்டர் அனுமதி இல்லாமலே காட்டை வெட்ட ஆள் தேடினாராம். அவர் பரப்பிய படத்தைப் பார்த்த ஒருவரும் அதற்குள் இறங்க மாட்டேன் என்றுவிட்டார்களாம். வீட்டுக்காரர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சிரித்துவிட்டேன். எத்தனை நாளுக்கு என்பது தெரியாது. கான்ட்ராக்டர் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாணவிகளைக் கூட்டிப்போகவில்லை. நானும் தம்பியும் மட்டும் போனோம், நல்ல வெயிலில், சுவர்ப் பக்கம்தான். ஓணானை அவன் பிடித்துக்கொள்ள மாட்டான், அருவருப்பாம். நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது முதுகைச் சுவரில் சாய்த்துப் புதரையே பார்த்தபடி நின்றான்.

“அக்கா, போதும். எழுந்திரு,” என்றான், மெதுவாக.

ஏன் என்று கேட்கவில்லை. ஓணானை விட்டுவிட்டு எழுந்தேன்.