புல்லாங்குழல் யாருடையது

மார்கழி, வெள்ளிக்கிழமை

வயல் வேலையைவிட அத்தானைச் சிரிக்கவைக்கப் பட்ட பாடுதான் இன்று பெரிது. அக்கா செத்து ஒரு மாதம். அவர் வாய் திறப்பதில்லை.

பின்னேரம் அவரை வட்டக்கச்சிச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு இழுத்துப்போனேன். அங்கே ரேடியோவில் ஹிந்திப் பாட்டுப் போகும். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. தொடக்க இசையைக் கேட்டே, இசையமைத்தவர் யார் என்று சொல்வதுதான் எங்கள் போட்டி. அவர் பழைய இசையமைப்பாளர்களின் கட்சி, நான் இளசுகளின் கட்சி.

புல்லாங்குழலோடு ஒரு பாட்டுத் தொடங்கியது. அது அவர் கட்சிக் கிழவர் ஒருவரின் பாட்டென்று எனக்குத் தெரியும். ஆனாலும் கத்தினேன்.

“இது எங்கடை பொடியன்ரை வேலை! உங்கடை கிழவனுக்கு ஆர்மோனியத்தை விட்டால் என்ன தெரியும், அத்தான்?”

அவர் சண்டைக்கு வரவில்லை. ரேடியோவில் கிழவரின் பெயரைச் சொன்னபோதும் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வாய்க்கால் கரையில் நின்றார்.

“தெரிஞ்சுகொண்டுதானே பிழையாச் சொன்னனி?”

“ஓம், அத்தான்.”

“உன்ரை அக்காவும் உப்பிடித்தான். பக்கத்து வீட்டு ரேடியோவை வேலியடியிலை நிண்டு கேட்டிட்டு, நான் வெல்லட்டுமெண்டு பிழையாச் சொல்லுவா.”

பிறகு வீடு வரைக்கும் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.