காந்தத் தகடு விலக்குமா?

12.8.2004, கோவில்பட்டி
படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆறாம் மாதம். போன தடவையும் இதே ஆறாம் மாதத்தில்தான் — வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

அக்டோபர் முடிவதற்குள் இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இனி நீட்டிப்பு கிடையாது. ஒருக்களித்துப் படுத்து நாலு வரி எழுதலாம். அத்தனை கணக்கையும் எப்படி எழுதுவது?

14.8.2004
கயத்தாறு டயர் கடையைச் சாத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர், சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.
“சொல்லுட்டி, நான் எழுதுதேன்.”
“உங்களுக்குப் புரியாதுங்க.”
“புரிஞ்சுதான் எழுதணுமா?”

20.8.2004
“எதைப் பத்தின்னாவது சொல்லு” என்றார். சொன்னேன். வெற்றிடத்திலும் மின்காந்த அதிர்வு அடங்குவதில்லை. இரண்டு தகடுகளை மிக மிக நெருக்கி வைத்தால், அந்த அதிர்வே அவற்றைச் சேர்த்து இழுக்கும். ஒரு தகடு காந்தப் பொருளானால், விலக்கவும் கூடும். விலக்குமா?
“வெலக்கணும்னு நெனைக்கியா?”
“ஆமா. நாலு வருஷமா.”

என் மாமியார் மகனைத் திட்டினார்: “பிள்ளைத்தாச்சிக்குக் கணக்கு எதுக்குல? ஒறங்க விடு.”
“கணக்கு சொல்லும்போதுதாம்மா அவ பயப்படாம இருக்கா.”
இவருக்கு எப்படித் தெரிந்தது?

9.9.2004
விலக்கவில்லை.
அவ்வளவு வேகமான அதிர்வுகளுக்கு என் காந்தப் பொருள்கள் ஈடுகொடுப்பதில்லை. எதை மாற்றிப் போட்டாலும் இழுக்கத்தான் செய்கிறது. நாலு வருஷம் போச்சே!
“அழாதட்டி, வயிறு குலுங்குது. வெலக்கலன்னு எழுதுனா வாங்க மாட்டாவளா?”

10.9.2004
இராமச்சந்திரன் சாருக்குப் போன் செய்தேன். என் வழிகாட்டி. விலக்கவில்லை என்று சொன்னேன். “ஏன் விலக்கலைன்னு காட்டிட்டேல்ல? அதை எழுதும்மா” என்றார்.

14.10.2004
இவரே பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்.

30.10.2004
பெண். ரொம்பச் சின்னவள். அழுதாள், நன்றாக அழுதாள்.

21.6.2005
திருநெல்வேலியில் வாய்மொழித் தேர்வு. யாரும் வந்து உட்காரலாம் என்பதால், கடைசி பெஞ்சில் பிள்ளையோடு இவர். அவள் சிணுங்கவும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.
“அப்போ காந்தத்தால பிரயோஜனமே இல்லையா?” என்றார் தேர்வாளர்.
“இந்தப் பொருள்கள்ல இல்ல சார்.”
ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இவர் வாயசைப்பது தெரிந்தது. பிள்ளைக்கு ஏதோ பாடுகிறார். இவர் பாடி நான் கேட்டதே இல்லை.

அடுத்த கேள்வியை இன்னொரு முறை கேட்கச் சொன்னேன்.