மூன்றாம் கியரில் ஒரு பள்ளம்

யூலை 6, ஞாயிறு

சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. முற்றம் முழுக்க வேப்பஞ்சருகு. கூட்டக் கூட்ட வந்து விழுகிறது. கூட்டுவதை விட்டேன்.

காலை மனைவி றீற்றா தேவாலயத்துக்கு, பூசைக்கு. நான் காருக்கு. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், என்னைவிட மூத்தது. போன ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குப் போகிற வழியில் ஆனையிறவில் நின்றது. அதன்பிறகு இஞ்சினை முழுக்கக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, என் கையாலேயே பூட்டினேன். போட்டோக் கொப்பிக் கடைக்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று மானிப்பாயில் கேட்காத ஆள் இல்லை.

மத்தியானம் ஜெயம் சாப்பிட வந்தார். றீற்றாவின் தங்கையின் கணவர். யாழ்ப்பாணத்தில் கராஜ். எங்கள் வீட்டுக்கு வந்தால் கை கழுவ முதல் காரின் பொனற்றைத் திறப்பார்.

"அண்ணை, உந்த இஞ்சினைக் கழட்டி எறியுங்கோ. என்னட்டை ஒரு ஜப்பான் டீசல் சும்மா கிடக்கு. ஒருநாள் வேலை."

"உது நல்லாத்தானே ஓடுது."

"ஓடுது. எவ்வளவு பலத்திலை ஓடுதெண்டு ஆருக்குத் தெரியும்?"

நண்டுக்கறிச் சட்டியோடு வந்த றீற்றா தீர்ப்புச் சொன்னாள். "நான் இனி ஆனையிறவு வெயில்லை கார் தள்ளமாட்டன். அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்பம். உது சரியெண்டு காட்டுங்கோ. இல்லாட்டி ஜெயத்தின்ரை இஞ்சினைப் பூட்டிக்கொண்டுதான் மடுவுக்கு."

ஒரு கிழமை. அந்த இஞ்சினைத் தூக்கிக் கொடுக்கவா இவ்வளவு பாடுபட்டேன்? நண்டு நல்ல ருசி, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

யூலை 8, செவ்வாய்

காற்று. கடையில் கூட்டம் இல்லை. லப்ரொப்பில் தேடித் தேடி ஒன்று கிடைத்தது. காரை றோட்டில் ஓட்டியே குதிரைவலு, முறுக்குவிசை இரண்டையும் கணக்குப் பார்க்கிற மென்பொருள். இலவசம். இஞ்சின் சத்தத்தை ரெலிபோனில் பதிவுசெய்து கொடுத்தால், சத்தம் எவ்வளவு கெதியாக ஏறுகிறது என்பதை வைத்துப் பலத்தைக் கோடாகக் கீறிக் காட்டுமாம்.

அதற்கு வேண்டியவை:
ரயரின் அளவு - தெரியும்.
கியர் விகிதம் - புத்தகத்தில் இருக்கிறது.
காரின் பாரம், ஆட்களோடு சேர்த்து - ?

பின்னேரம் பழைய இரும்பு வாங்குகிற இடத்துத் தராசில் காரை ஏற்றினோம். றீற்றா இறங்கவில்லை, ஓட்டம் பார்க்கும்போது அவளும் இருப்பாள். தராசுக்காரர் காரைச் சுற்றி வந்து, ரயரை ஒரு உதை உதைத்து, "விக்கப் போறியளோ?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் பாரத்தைக் குறிக்க மறந்து வந்து, பாதி வழியில் திரும்பிப் போனோம். றீற்றா வழிநெடுகச் சிரிப்பு.

யூலை 9, புதன்

விடியலில் ஓட்டம். காங்கேசன்துறைப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவே ஒரு நேர் றோட்டு. ஏற்ற இறக்கம் கிடையாது. மதகடியில் தொடக்கம், வைரவர் கோயிலைத் தாண்டி, பனங்கூடலோடு முடிவு. மூன்றாம் கியரில் மெல்லப் பிடித்து, அக்சிலேற்றரை அடிமட்டும் அமத்தி, முடியும்வரை எடுக்கக்கூடாது. ரெலிபோன் றீற்றாவின் மடியில். வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டு நின்ற ஒருவர், "கலியாண வீட்டுக்கோ இவ்வளவு அவசரம்?" என்று கத்தினார்.

டாஷ்போட்டில் மடு மாதாவின் சின்னச் சொரூபம் ஒட்டட்டுமா என்று றீற்றா திரும்பவும் கேட்டாள். கலியாணம் கட்டிய நாளில் இருந்து கேட்கிறாள். காருக்குப் பெற்றோலும் ஒயிலும் போதும் என்றேன். எனக்கு மாதாவும் இல்லை, என் வீட்டார் கும்பிட்ட பிள்ளையாரும் இல்லை. இது ஊருக்கே தெரியும்.

இரவு கோடு வந்தது. வடிவாக ஏறுகிறது, ஏறுகிறது, நடுவில் திடீரென்று ஒரு பள்ளம். கிணறு மாதிரி. பிறகு திரும்ப ஏறுகிறது. எல்லா ஓட்டத்திலும் பள்ளம், அதே இடத்தில்.

ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனேன்.

யூலை 10, வியாழன்

கடை பூட்டு. காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். சுத்தம். பெற்றோல் பம்பைப் பார்த்தேன். சரி. பிளக் எல்லாம் புதிது. பின்னேரம் போய் ஓடினோம்.

பள்ளம். அதே கிணறு.

ஜெயத்துக்குக் கோல் எடுத்தேன். எடுத்திருக்கக்கூடாது. "பாத்தியளே அண்ணை, மூச்சு வாங்குது. வயசு போட்டுது. நான் ஞாயிறு செயின் புளொக்கோடை வாறன்." இஞ்சின் தூக்குகிற சங்கிலியைப் பற்றிப் பேச இந்த மனிதருக்கு என்ன சந்தோஷம்!

யூலை 11, வெள்ளி

காற்றுக் கொஞ்சம் குறைவு. மென்பொருளின் குறிப்பை இன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். போகவும் வரவும் ஓட வேண்டும், காற்றின் பிழை கழியும் என்று எழுதியிருக்கிறது. நான் சோளகத்தை முதுகில் வைத்துக்கொண்டு ஒரே பக்கமாக அல்லவா ஓடியிருக்கிறேன். விசரன்.

ஆகவே இன்று பனங்கூடலில் தொடங்கித் திரும்பி மதகுக்கு.

பள்ளம் இருக்கிறது. ஆனால் வேறு இடத்தில்! போகும்போது பாதி வேகத்தில் விழுந்தது, வரும்போது நல்ல வேகம் பிடித்த பிறகு விழுகிறது. இஞ்சினின் பழுது இடம் மாறுமா? மாறாது. அப்படியென்றால் றோட்டில் ஏதோ. இறங்கி நடந்து பார்த்தேன். நல்ல தார், ஒரு வெடிப்பு இல்லை. வைரவர் கோயில் முன்னால் மட்டும் யாரோ அடித்த தேங்காயின் சிரட்டை. அது ரயரில் படாது.

றீற்றா: "உங்களுக்கு இதிலை ஒரு சந்தோசம் இருக்கு, என்ன?"

ஓம், இருக்கிறது. பள்ளத்தை நினைத்தால் பயம், தேடும்போது சந்தோஷம். அவளிடம் இல்லை என்றேன்.

யூலை 12, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள், எழுதுகிறேன்.

காலை நான் பல் தீட்டிக்கொண்டு நிற்க, குசினிக்குள் றீற்றா பதிவுகளைப் போட்டுக் கேட்டிருக்கிறாள், இடியப்பம் பிழிந்தபடி. திடீரென்று ஒரே சிரிப்பு. "இஞ்சேருங்கோ! ஓடி வாங்கோ!"

போனேன். போட்டாள். இஞ்சின் உறுமி ஏறுகிறது. ஒரு கணம் சத்தம் தொய்கிறது. தொய்கிற அந்த இடத்தில் ஒரு ஆண் குரல், மெல்ல, மரியாதையாக:

"அப்பனே வைரவா."

"ஆரது?" என்றேன்.

"ஆரோ? காருக்குள்ளை நானும் நீங்களும்தானே!"

அடுத்த பதிவு. அப்பனே வைரவா. அதற்கு அடுத்தது. அப்பனே வைரவா. போகும்போதும் வரும்போதும் ஒரு முறைகூடத் தவறவில்லை. கோயில் வந்ததும் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்திருக்கிறேன், கையும் நெஞ்சுக்குப் போயிருக்கும். ஊரில் எந்த டிறைவரும் செய்கிற வேலைதான். பஸ்காரன் செய்கிறான், லொறிக்காரன் செய்கிறான். நான் செய்வதில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

"ஏன் நீர் அப்பவே சொல்லேல்லை?"

"எனக்கென்ன தெரியும்? நான் ரெலிபோனைப் பாத்துக்கொண்டு இருந்தன். உங்கடை வாய் எப்பவும் ஏதோ முணுமுணுக்கிறதுதானே. இஞ்சினுக்கு ஒண்டும் இல்லையப்பா. வருத்தம் உங்கடை காலுக்கு."

பின்னேரம் அவளே ஓடினாள், போகவும் வரவும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அமத்தினாள். நான் ரெலிபோனோடு பக்கத்தில், கோயில் வந்தபோது கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு. கோடு வந்தது. பள்ளம் இல்லை. நாற்பத்தாறு குதிரைவலு. புதிதில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. எனக்கும் அப்படித்தான்.

கடைக்குப் போய்ப் பெரிய தாளில் அச்செடுத்தேன். கலரில். கண் கலங்கிவிட்டது, உண்மை.

யூலை 13, ஞாயிறு

மூடல் வானம், மழை வராது. ஜெயம் சொன்னபடி செயின் புளொக்கோடு வந்து இறங்கினார். தாளைக் காட்டினேன். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"மச்சாள் ஓடினது கணக்கில்லை. காரை ஓடப்போறது நீங்கள். நீங்கள் ஓடுங்கோ, நான் பின்னாலை இருந்து பாக்கிறன். பள்ளம் விழுந்தால் சங்கிலி போடுவன்."

அப்படியென்றால் அவருடைய பாரத்தையும் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்றால் சொல்லமாட்டார். "முந்தி அறுபத்தைஞ்சு" என்றார். முந்தி என்றால் கலியாணத்துக்கு முந்தி. திரும்ப இரும்புத் தராசு. தராசுக்காரர்: "மனம் மாறீட்டுதோ?" இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது.

மதகடி. பின்னால் ஜெயம், பக்கத்தில் ரெலிபோனோடு றீற்றா. மூன்றாம் கியர். அமத்தினேன். பல்லைக் கடித்தேன். கோயில் வருகிறது, வருகிறது, கால் தானாகக் கிளம்பப் பார்க்கிறது, இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்து, கும்பிடாமல், ஒரு சொல் சொல்லாமல், தாண்டினேன். பனங்கூடல் வரை மூச்சே விடவில்லை. திரும்பி வந்ததும் அப்படியே.

பொனற்றின்மேல் லப்ரொப்பை வைத்து அங்கேயே பார்த்தோம். வழவழவென்று ஒரே ஏற்றம்.

ஜெயம் கோட்டை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி அண்ணை. உதே இருக்கட்டும். நல்லாத்தான் பூட்டியிருக்கிறியள்" என்றார். கராஜ்காரர் வாயால்! மத்தியானம் அவருக்கு இரண்டு நண்டு கூட வைத்தேன்.

அவர் போனபின் றீற்றா மாதா சொரூபத்தைக் கொண்டுவந்தாள். கேட்கவில்லை, நேரே டாஷ்போட்டில் ஒட்டினாள். பசை காயும்வரை விரலால் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

இப்போது அவள் குளிக்கப் போய்விட்டாள். காலைப் பதிவைச் சும்மா ஒருமுறை கேட்டேன். இஞ்சின் ஏறுகிறது. றோட்டுக்கரையில் ஆட்டைக் கண்ட ஜெயத்தின் "ஐயோ அண்ணை, ஆடு!" பிறகு கோயிலடி. சத்தம் தொய்யவில்லை. என் குரலும் இல்லை. ரெலிபோனுக்குக் கிட்ட, மிக மெல்ல, றீற்றாவின் குரல்:

"வைரவா, என்ரை மனிசன் இண்டைக்கு வாய் திறக்கமாட்டார். கோவிக்காதை."