அப்பாவைப் பற்றி எழுதிய வரி

சுத்துக்கேணி,
ஞாயிறு

மதிப்பிற்குரிய கலைச்செல்வன் அவர்களுக்கு,

சுகன்யா எழுதுகிறேன். ஃபோனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். தமிழில் எழுதுவதற்கும்தான். நிச்சயம் ஆனதிலிருந்து, சிங்கப்பூர் வந்தால் உதவும், ஆங்கிலத்திலேயே மெசேஜ் அனுப்பிப் பழகு என்கிறீர்கள். இந்த ஒரு தடவை முடியவில்லை.

இங்கே எல்லோரும் நலம். திருபுவனை கம்பெனியில் எனக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறது. உங்களுக்கு எள்ளுருண்டை கொடுத்தனுப்ப அம்மா ஆள் தேடுகிறார்.

வியாழக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் பாண்டிக்குப் போயிருந்தோம். கடையில் உங்கள் அக்கா இளவரசி, ஃபோனில் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, நான் உங்களுக்கு அனுப்பிய வரியை வாய்விட்டுப் படித்தார். 'மை ஃபாதர் லேர்ன்ட் மீ சைக்கிள்.' அதை அப்படியே படம் எடுத்து, ஒரு சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, சிரிக்கும் முகங்களோடு நீங்கள்தான் போட்டிருந்தீர்கள். கற்றுக்கொடுப்பதற்கும் கற்றுக்கொள்வதற்கும் வேறு வேறு சொல் என்று எனக்கும் தெரியும். அவசரத்தில் மாறிவிட்டது. இந்த மாதிரித் தப்பைப் பார்த்தாலே எரிச்சல் வரும் என்று முன்பே சொல்லியிருக்கிறீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மடியில் கிடந்த புடவையின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. அப்பாவும் சிரித்தார். அவருக்குப் புரிந்தது ஃபாதர் ஒன்றுதான். மகள் தன்னைப் பற்றி நல்லதாக ஏதோ எழுதியிருக்கிறாள், சம்பந்தி வீட்டார் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து, மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். புடவை விரித்துக் காட்டியவரிடம், "எம் பொண்ணு பி.காம். சார். இங்கிலீசு அதுவே எழுதும்" என்றார். அதற்கும் உங்கள் அக்கா சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா விடவில்லை. "இன்னாம்மா எழுதன? என்னப் பத்திதானே? ஒருவாட்டி படிச்சிச் சொல்லேன்" என்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிடுகிறேன்.

இந்தத் தமிழிலும் பிழை இருந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தை அழித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அழித்தாலும் பார்த்தவர்கள் பார்த்ததுதான். வேறொன்று கேட்கிறேன். அடுத்த முறை அப்பாவிடம் பேசும்போது, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேரியரைப் பிடித்தபடி ஏரிக்கரை முழுக்க என் பின்னால் ஓடிவந்து சைக்கிள் கற்றுக்கொடுத்ததைத்தான் நான் எழுதியிருந்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். தமிழில். சிரிக்காமல்.

இப்படிக்கு,
நடேசன் மகள் சுகன்யா