நீலப்பச்சைப் பூசணி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அலாஸ்காவில் பனி கொட்டுகிறது, நான் சுகம்.

பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்குத் தெர்மாகோல் பூசணியொன்றில் உங்கள் பழைய பித்தான்களும் லேஸும் ஒட்டி, நீலப்பச்சைச் சாயம் பூசி வாசலில் வைத்தேன். எதிர்வீட்டுச் சிறுமி டெஸ் வந்து கதவைத் தட்டினாள். வேர்க்கடலைச் சாக்லேட் கொடுத்தேன். அவள் அம்மா ஓடிவந்து பிடுங்கினாள்.

“கடலை தின்னா இவளுக்கு மூச்சே நின்னுடும்! ஒத்துக்காத பிள்ளைங்களுக்குப் பொம்மை குடுக்கிற வீட்லதானே இந்தக் கலர்ல பூசணி வைப்பாங்க? நீங்க நர்ஸுதானே?”

தெரிந்த வழக்கம்தான், ஒட்டுகிற மும்முரத்தில் மறந்துவிட்டேன். டெஸ் வாயில் வைக்கவில்லை, பயப்படாதீர்கள்.

அங்கே என் மேசையிலுள்ள குட்டிப் பொம்மைகளை உடனே அனுப்புங்கள், டெஸ் மறுபடி வந்தால் கொடுக்க. ஒன்பது நாளாகியும் பூசணியை நான் எடுக்கவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. இந்த ஊரில் என் கதவைத் தட்டிய ஒரே ஆள் டெஸ்தான், அம்மா.

மார்லிஸ்